எட்டு மாதக் கிளைடர்

லிமா நகரில் பல்செட் செய்து கொடுப்பவள் நில்டா. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய அவளுடைய ரிமோட் கிளைடர் இன்றுதான் முதல் முறையாகப் பறக்கப் போகிறது. மிராஃப்ளோரெஸ் மேட்டின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். நேர் கீழே கடல். கை தப்பினால் எட்டு மாதமும் தண்ணீரில்தான்.

கூட வந்திருந்தவர் அக்கா புருஷன் எலெயூட்டேரியோ. அவர் இருக்கும் இடத்தில் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது.

"வால் கனம்மா. மூக்குல இன்னும் நாப்பது கிராம் ஈயம் வை."

"ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்துட்டேன் அத்தான். ஆடாம நிக்குது."

"பல்லு கட்டுறதும் இதுவும் ஒண்ணா? இருபது வருஷமா பறக்க விடுறேன் நான்."

"அதுல எத்தனை கடலுக்குள்ள கெடக்கு?"

நில்டா இறக்கைகளைச் சொருகி, டேப் ஒட்டி, ரிமோட்டைத் தட்டினால் திருப்பும் மடல்கள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்த்தாள். பிறகு எலெயூட்டேரியோ அதை வாங்கி ஓங்கி எறிந்தார். கடல்காற்று அதை ஏந்திக்கொண்டது.

ஜூலை மாத வானம் கஞ்சியாக வெளுத்திருந்தது. அதில் எந்த நிறமும் கறுப்பாகத்தான் தெரியும். மூக்குக் கண்ணாடியில் படிந்த தூறலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். தலைக்கு மேலே அழகாக வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"பாரு, வால் தொங்குது! நான் சொல்லல? மூக்கைக் கீழ அழுத்து!"

தொங்கத்தான் செய்தது. ஆனால் இவர் சொல்லிச் செய்வதா? வீம்பில் இரண்டு கட்டைவிரலையும் ரிமோட்டிலிருந்து எடுத்தே விட்டாள்.

"அடிப்பாவி, கையே வைக்க மாட்டேங்குறாளே! அழுத்தும்மா!"

இரண்டு நிமிடம் அவர் குறை சொல்லித் தீர்த்தார். வளைவு சரியில்லை, வேகம் போதாது, இறக்கை நுனி பிரிந்து கிடக்கிறது. அந்த இறக்கையோ படபடவென்று நாலு முறை அடித்துக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் போய்விட்டது.

"கழுகு," என்றாள் நில்டா.

"அப்ப உன்னோடது எங்க?"

நில்டா வானம் முழுக்கத் தேடினாள். தெற்கே, மேட்டின் விளிம்பை ஒட்டி, அவள் கிளைடர் துளியும் ஆடாமல் அகல வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. விரல்களை மறுபடி வைத்தாள். சொன்ன பக்கம் திரும்பியது.

"இவ்வளவு நேரம் யாரும் ஓட்டல அத்தான். அதுவா பறந்திருக்கு!" என்றாள் பெருமையாக. "நீங்க சொன்ன மாதிரி அழுத்தியிருந்தா இந்நேரம் மீனு தின்னிருக்கும்."

எலெயூட்டேரியோ மீன் சந்தைப் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் கழுகுக்கு வால் கனம்தான்," என்றார். "அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."