மூத்தவனின் பிறந்த திகதி

றம்ஸியா ராஜலிங்கத்தின் சேவைக் கோவையை மூடினாள். ஏதோ விட்டுப்போனதுபோல மறுபடியும் திறந்தாள். ராஜலிங்கம் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு நிலையத்து ஆட்களின் விடுமுறை, இடமாற்றம், ஓய்வு எல்லாம் அந்த மேசையைக் கடந்துதான் போகவேண்டும். கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வந்து, எட்டு மணிக்கே உட்கார்ந்து, யாருக்கும் அநியாயம் வராமல் பார்க்கிற பிள்ளை என்று நிலையத்தில் அவளுக்குப் பெயர்.

“கோவிச்சுக்க வாணாம் அண்ணே. பென்ஷன் கிடைக்க பத்து வருஷம் நிரந்தர சேவை ஈக்கணும். உங்களுக்கு ஒம்பது வருஷமும் எட்டு மாசமும்தான் வருது.”

“இருபத்தாறு வருஷமா ஹோஸ் இழுக்குறேனே தங்கச்சி.”

“முன்னுக்கு உள்ளது எல்லாம் அமய சேவை, நிரந்தரம் இல்ல. அது சேராது. ஜூன் பன்னெண்டுக்கு உங்களுக்கு அறுபது. அன்னைக்கோட சேவை முடியுது. நாலு மாசம் பத்தல்ல.”

நாலு மாதம் பத்தாவிட்டால் ஒரு தொகையை ஒரே தடவையில் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாகும்வரை மாதாமாதம் வருவது வராது. அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். அடுத்த மேசையில் மின்விசிறி ஒரு கடதாசியின் ஓரத்தைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தது.

ஜூன் பன்னிரண்டில் அவருக்கு அறுபது வயதாகாது. ஐம்பத்தேழுதான் ஆகியிருக்கும். அது அந்தக் கந்தோரில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில், அவர் பிறப்பதற்கு முன் அவருடைய அம்மாவுக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தது. பெயர் ராஜலிங்கம். வயிற்றோட்டம் வந்து மூன்றே நாளில் போய்விட்டது. சாவைப் பதிந்தால் பிள்ளையின் அரிசிக் கூப்பனை வெட்டிவிடுவார்கள் என்று, பதியாமலே தேயிலைக்கு மேற்புறம் புதைத்தார்கள். அடுத்துப் பிறந்தவனுக்கு அந்தப் பெயரையே வைத்து, அலுமாரியில் தகரப் பெட்டிக்குள் இருந்த பிறப்புப் பதிவுத் துண்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். தோட்டத்து லயவீடுகளில் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. இன்னும் இரண்டு வீட்டில் அப்படி நடந்திருந்தது. வயது கூடியிருந்தது ஒருவகையில் நல்லதாகவும் போயிற்று. பதினாறு முடியுமுன்னே, துண்டில் பதினெட்டு ஆகிவிட்டது என்று தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தார்கள். அன்றைக்கு முன்கூட்டிக் கிடைத்த அந்த இரண்டு வருஷத்தைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

“பிறந்த திகதி பிழையா இருந்தா திருத்தலாமா?” என்று கேட்டார்.

“எழுத்துப் பிழையா?”

“இல்ல. ஆளே வேற.”

றம்ஸியா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, அவர் பிறந்தது தெரிந்த மூத்த ஆள் யாராவது சத்தியக்கடதாசி கொடுத்தால், அதோடு ஒரு கடிதமும் வைத்தால், மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றாள். “பார்க்கலாம்” என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

அவர் பிறந்தது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அக்கா ராக்கம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினார். வளைவுகளில் எல்லாம் பெற்றோல் நிரப்பு நிலையம், தகரக் கொட்டில், பலகை அடுக்கிய மரக்காலை என்று அவருடைய கண் தானாகவே தீப்பிடிக்கக்கூடிய இடங்களைத் தேடிக்கொண்டு போனது. அது பழகிப்போன நோய். அன்றைக்கு அதுவும் ஒரு துணையாக இருந்தது.

ராக்கம்மா லயத்து வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறித்து ஓய்ந்து பன்னிரண்டு வருஷம். விரல்கள் இன்னும் ஒரு வேகத்தோடுதான் அசைந்தன. விஷயத்தைச் சொன்னார். அவள் அம்மாவுக்காகக் கோபப்படுவாள், இந்த வயதில் அரசாங்கக் கச்சேரி வாசலில் நிற்கவைக்கிறாயா என்று ஏசுவாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்து வந்திருந்தார்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“அப்ப அவன் செத்தத எழுதுவாங்களா?”

“எழுதணும்க்கா. அப்பதான் நான் வேற ஆளுன்னு ஆகும்.”

“அது போதும். வா போவோம்.” செருப்பை மாட்டிக்கொண்டே நடந்தாள். “எட்டு வயசு எனக்கு. கொள்ளிச் சட்டியத் தூக்கிட்டு நான்தான் முன்னுக்குப் போனேன். அதுக்கப்புறம் அவனப் பத்திப் பேசுனா அம்மா வாயில அடிக்கும். கூப்பன் போயிரும்னு பயம். கூப்பனே இல்லாமப் போச்சு, பயம் மட்டும் போகல.”

சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கிற சமாதான நீதவான் வீரசிங்கம் கடைவீதியில் ஒரு போட்டோப் பிரதிக் கடைக்குப் பின்னால் இருந்தார். தோட்டக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். தட்டச்சு இயந்திரத்தில் கடதாசியைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க பேர் என்னா?”

“ராஜலிங்கம்.”

“செத்தவர் பேர்?”

“ராஜலிங்கம்.”

வீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ராஜலிங்கம் செத்துட்டாருன்னு ராஜலிங்கத்துக்கே கடதாசி. நீங்க யாருன்னு நான் அடிக்கிறது?”

ராக்கம்மா சிரித்துவிட்டாள். “என் தம்பின்னு அடிங்க தொரே. ரெண்டு பேரும் என் தம்பிதான்.”

ராஜலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டின்படி செத்தவன் சாகவேயில்லை. இருக்கிறவன் பிறக்கவேயில்லை. இருபத்தாறு வருஷமாக யாருடைய பெயருக்கு ஓடிப்போய் வண்டியில் ஏறியிருக்கிறோம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது தட்டச்சு ஓடி முடிந்தது.

ராக்கம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்: “அவன் பேரு எங்கன இருக்கு? காட்டு.”

அவர் அவளுடைய விரலைப் பிடித்து மூன்றாவது வரியில் வைத்தார். அவள் அதை எடுக்கவில்லை. போட்டோப் பிரதிக்கு ஆள் வந்து நின்றார். அப்போதும் எடுக்கவில்லை. கடைசியில் வீரசிங்கம்தான் முத்திரை குத்தவேண்டும் என்று மெதுவாகக் கடதாசியை இழுத்தார்.

மறுநாள் றம்ஸியா கடிதத்தையும் சத்தியக்கடதாசியையும் இரண்டு தரம் வாசித்தாள். வந்த கடிதங்களில் குத்தும் வரவுப் பதிவு முத்திரை அவளுடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை.

“நான் இதுல முத்திரை குத்தினா ஒங்களால திருப்பி எடுக்க ஏலாது. அது தெரியும்தானே?”

“தெரியும்.”

“நல்ல மாதிரி முடிஞ்சா ரெண்டு வருஷத்துக்கு மேல சேவை கூடும். பென்ஷன் ஈக்கு. ஆனா மொதல்ல கேக்கப்போறது அது இல்ல. வேற ஆள்ட பிறப்புச் சான்றிதழக் காட்டி நியமனம் எடுத்தீங்களான்னுதான் கேப்பாங்க. விசாரணை முடியிற வரைக்கும் வேலைக்கு வரவேணாம்னு சொல்லலாம். இப்ப கிடைக்க உள்ள காசும் நிக்கலாம்.”

அவர் தலையசைத்தார். அதையெல்லாம் இரவு முழுக்கத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

றம்ஸியா இன்னும் எதையோ சொல்ல வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. “நிலூஷாவுக்கு நியமனம் வந்து எவ்வளவு காலம்?”

“எட்டு மாசம்.” மகள் பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. முதல் வெள்ளைச் சீருடையைத் தைக்கக் கொடுத்தபோது அவர்தான் கூடப் போனார்.

“அவட பிறப்புச் சான்றிதழ்ல தகப்பன்ட பேரும் பிறந்த திகதியும் ஈக்குமே அண்ணே. இந்தப் பக்கம் மாறினா அந்தப் பக்கமும் கேப்பாங்களான்னு எனக்குத் தெரியா. ஒன்னும் நடக்காமலும் போகலாம். ஒங்களுக்குத் தெரியாம நான் குத்த மாட்டேன். நீங்க குத்தச் சொன்னாக் குத்துவேன்.”

வெளியே நகரத்துப் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ராஜலிங்கம் சத்தியக்கடதாசியைப் பார்த்தார். மூன்றாவது வரியில் அக்காவின் விரல் பட்ட இடத்தில் மை இலேசாகக் கலங்கியிருந்தது. எரிகிற வீட்டுக்குள் போகும்போது இன்னும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். அதை நிலையத்துப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இந்தக் கடதாசிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்க மறந்திருந்தார்.

கையை நீட்டினார். றம்ஸியா இரண்டு கடதாசிகளையும் முத்திரை குத்தாமலே திருப்பிக் கொடுத்தாள்.

ஜூன் பன்னிரண்டு புதன்கிழமை. மதியம் நிலையத்தில் கேக் வெட்டினார்கள். பிங்க் நிறத்தில் அறுபது என்று எழுதியிருந்தது. தண்ணீர்ப் பவுசர் வண்டி ஓட்டுகிற திவாகரன் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு, “அணைக்கிறதுக்குத் தண்ணி வேணுமா அண்ணே, ஊதிருவீங்களா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ராஜலிங்கமும் சிரித்தார். தலைக்கவசத்தையும் சப்பாத்தையும் கையளித்ததற்கான படிவத்தில் பெயரையும் பிறந்த திகதியையும், எப்போதும் எழுதுவதுபோலவே, பிசகில்லாமல் எழுதினார்.

கேக் துண்டைக் கையில் வைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்கா.

ஒவ்வொரு வருஷமும், மூத்தவன் பிறந்த இந்தத் திகதியில் ராக்கம்மா தேயிலைக்கு மேற்புறம் போய், ஒரு கல்லின்மேல் இரண்டு பிஸ்கட் வைத்துவிட்டு வருவாள். அவரிடம் அதை அவள் சொன்னதில்லை. லயத்துக்காரர்கள் சொல்லித் தெரியும்.

“தம்பி, மேல நிக்கிறேன். காத்து அடிக்குது, கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“அந்தக் கடதாசி குடுத்துட்ட தானே? அவன் பேரு கவர்மெண்ட்ல ஏறிருச்சா?”

திவாகரன் இன்னொரு துண்டை நீட்டினான். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, ராஜலிங்கம் பவுசருக்குப் பின்னால் போனார். அந்தக் கடதாசி வீட்டு அலுமாரியில், முன்பு பிறப்புத் துண்டு இருந்த அதே தகரப் பெட்டியில் இருந்தது.

“ஏறிருச்சுக்கா.”

மறுமுனையில் காற்று மட்டும் கேட்டது. பிறகு அவள் யாரிடமோ சொன்னாள். அங்கே அவளைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

“கேட்டுக்கிட்டியா?” என்றாள். “ஏறிருச்சாம்.”