வாயை மூடிய பல் டாக்டர்

பேச்சுக்குத் தோதான தொழில் என்றால் அது பல் டாக்டர் தொழில்தான். எதிரில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார்; உள்ளே பஞ்சும் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயும். பல் டாக்டரான அக்கா குனிந்து, மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்பாள். அவர் "ஆ" என்பார். ரொம்ப சந்தோஷம் என்பாள் அக்கா. வரன் தட்டிப்போன வீட்டுக்காரரும் அந்தச் சந்தோஷத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்து போக வேண்டும். ஊரில் அவளுக்கு 'ரேடியோ டாக்டர்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

குழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பவள் அவளுடைய தங்கை. புருஷன் தவறிப்போன பிறகு அங்கேதான் வேலை. ஊமைக்கோட்டான் என்று அக்கா திட்டுவாள். அந்த ஊமைக்கோட்டானுக்கு இப்போது வாய் திறந்தே ஆகவேண்டிய நெருக்கடி. கிளினிக்குக்குப் பல்செட் கட்டித் தருகிறவர், மனைவியை இழந்தவர், வேறு ஊருக்குக் குடிபோகிறார். கட்டிக்கொண்டு உடன் வருகிறாயா என்று அவளைக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். அவளுக்கு மனம் இருந்தது; அக்காவிடம் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு தடவை ஆரம்பித்தாள். பாதியிலேயே இடுப்புவலி என்று முடிவு கட்டி அக்கா தைலம் கொடுத்தாள். இன்னொரு தடவை புது மெத்தையே வந்து இறங்கிவிட்டது.

அந்தத் தவக்காலத்தில்தான் ஃபாதர் பிரசங்கத்தில் ஒரு குண்டைப் போட்டார். நாமே பேசிக்கொண்டிருந்தால் ஆண்டவர் எப்போது பேசுவார், தினமும் கொஞ்ச நேரம் மௌனமாக இருங்கள், எதிரில் இருக்கிறவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள், அதுவும் ஜெபந்தான் என்றார். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. மௌனத்தின் மகிமையைப் பற்றிக் கோயில் வாசலில் வெயில் ஏறும்வரை பேசினாள்.

மறுநாள் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். இதோ சும்மா இருக்கிறேன் என்று ஆண்டவருக்குத் தெரியப்படுத்தினாள். எப்படிச் சும்மா இருக்கிறேன் என்று விளக்கவும் வேண்டியிருந்தது. அதற்குள் நேரம் ஆகிவிட்டது. ஆண்டவருக்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைசி ஆள் போனதும், கருவிகளைக் கழுவிக்கொண்டே தங்கை சொன்னாள்: "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அக்காவின் வாய் தானாகத் திறந்தது. ஃபாதர் ஞாபகம் வந்தது. வேறு வழி தெரியாமல், தட்டில் இருந்த பஞ்சை எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, பல்லு புடுங்கியாச்சா?"

பேசு என்று கையைக் காட்டினாள்.

"பல்செட்காரரு என்னைக் கேட்டாரு," என்று நிறுத்தினாள் தங்கை. அந்த மாதிரி இடங்களில்தான் அக்கா வழக்கமாகப் புகுவாள். வேலைக்குத்தான் கேட்டிருக்கிறான், நம் ஆளைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று இந்நேரம் போனை எடுத்து அவரைக் கிழித்திருப்பாள். பஞ்சு விடவில்லை.

"கட்டிக்கிறியான்னு கேட்டாரு. எனக்கும் இஷ்டந்தான்க்கா."

குழாயை யார் பிடிப்பது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், அந்த மனுஷருக்கு இருமல் வேறு இருக்கிறதே என்று அக்காவின் தொண்டையில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன.

"அவரு நான் பேசுறதைக் கேக்குறாருக்கா. எனக்கு இவ்வளவு பேச்சு வரும்னு அவருகிட்ட பேசுறப்பதான் தெரிஞ்சுது."

அக்கா பஞ்சைத் துப்பினாள். பல் எதுவும் பிடுங்காமலே எங்கோ வலித்தது.

"அப்படி என்னடி பேசுவே அவர்கிட்ட?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். தங்கை நோயாளியின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள். நடுவில் அக்கா இரண்டு தடவை குறுக்கே விழுந்தாள். இன்னும் முடிக்கவில்லை என்று தங்கை கையைக் காட்டி அடக்கினாள். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. ஊமைக்கோட்டான் ஓயவில்லை.

எல்லாம் கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா எழுந்தாள். "சரி, நான் போய் அவர்கிட்ட சம்மதம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம்க்கா," என்றாள் தங்கை. "அதை நானே சொல்லிக்கிறேன்."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.