சாவிக்கொத்தில் தொங்கிய தள்ளுபடி

இரண்டு கட்டு டயப்பரைக் கல்லா மேஜையில் தூக்கிப் போட்டுவிட்டு, ஹார்ம் சாவிக்கொத்தை நீட்டினார். அதில் தொங்கிய நகத்தளவு அட்டையைக் கல்லாப் பெண் கருவியில் காட்டினாள். பீப் என்றது. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா. அட்டை இல்லாதவனுக்கு அது கிடையாது. இரண்டு வாரமாக முழு விலை கொடுத்து வயிறெரிந்துகொண்டிருந்தவர். இன்றைக்குத்தான் இந்த அட்டை ஞாபகம் வந்தது. எப்போதோ மகள் ரூலின் கொடுத்தது.

செல்போன் என்றாலே அவருக்கு ஆகாது. பையில் வேவுக்காரனைப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள் மடையர்கள் என்பார். ரூலின் கைக்குழந்தையோடு புருஷனை விட்டு வந்த அன்று, அவள் போனைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தவர் அவர்தான். மென்னோ கைநீட்டுகிறவன். கடைசித் தடவை அவளுக்கு விலா எலும்பில் விரிசல் விழுந்தது. குரோனிங்கன் நகரம் முழுக்க அவளைத் தேடிக்கொண்டிருக்கிறான். டெல்ஃப்ஸைல் துறைமுகத்துப் பக்கம், கூட்டாளி ஒருவரின் காலி வீட்டில் மகளையும் பேத்தியையும் வைத்திருக்கிறார் ஹார்ம். திங்கட்கிழமை பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைக்கும். இன்று வெள்ளி. மூன்று நாளைத் தள்ளிவிட்டால் போதும்.

டயப்பரைப் பார்த்ததும் ரூலின் சிரித்தாள். இங்கே வந்து இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

"ரெண்டு கட்டா? கஞ்சப்பயல் வீட்டுல மழைதான் பெய்யப்போகுது."

"ஒன்னு சும்மா குடுத்தான். வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?"

"அட்டை இல்லாம எப்படிப்பா குடுப்பான்?"

அவர் பெருமையாகச் சாவிக்கொத்தை ஆட்டினார். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உட்கார நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள்.

"இது வீட்டுக் கணக்குப்பா. மென்னோ பேர்ல இருக்கு. ஆப் அவன் போன்ல இருக்கு."

"இருக்கட்டுமே. இது வெறும் பிளாஸ்டிக்தானே?"

"இதைக் காட்டின உடனே பில்லு அவன் போனுக்குப் போயிரும். எந்த ஊரு, எந்தத் தெரு, எத்தனை மணி, எல்லாம். சாயந்திரம் பீரும் கையுமா உக்காந்து அதைத்தான் படிப்பான். 'பத்தே காலுக்கு அந்தக் கடையில உனக்கு என்னடி வேலை'ன்னு ஆரம்பிப்பான். அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்."

ஹார்ம் அந்த வீட்டுப் பழைய தொலைபேசியை எடுத்தார். கடைக்குப் போன் போட்டார். இனிமையான குரல் ஒன்று, "கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் ஆப்ல அழிக்கணும், ஐயா" என்றது. "அவன்கிட்டயிருந்துதான்டி மறைக்கணும்!" என்று கத்தினார். குரல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

ரூலின் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என் போனை மட்டும் கால்வாயில போட்டீங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஹார்ம் ஜன்னல் வழியே தெருவை ஒரு தடவை பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிய மனிதர். சரக்கு எந்த வழியாகப் போகிறது என்று காகிதத்தில் இருந்தால், முதலாளி அதை அப்படியே நம்புவான். பிறகு கோட்டை மாட்டினார்.

"கதவைப் பூட்டிக்க. யாரு மணி அடிச்சாலும் திறக்காத. சத்தம் கேட்டா போலீசைக் கூப்பிடு."

"நீங்க எங்க போறீங்க?"

"டயப்பர் வாங்க."

தெற்கே போகும் சாலையில் அஸ்ஸன் ஊரில் வண்டியை நிறுத்தி, அதே கம்பெனிக் கடையில் குழந்தைக்கு ஆப்பிள் கூழ் வாங்கி அட்டையைக் காட்டினார். பீப். ஹோகவேனில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஈரத் துடைப்பான்களும். பீப். இருட்டுவதற்குள் ஸ்வொல்லேயில் டயப்பர், பால்மாவு, ஷாம்பு. குழந்தையோடு தெற்கே ஓடியவள் இந்த ஊரில் தங்கிவிட்டாள் என்று பில்லைப் படிக்கிறவன் நினைக்க வேண்டும். குடித்தனம் போடுகிறவள் வேறென்ன வாங்குவாள் என்று யோசித்து, ஒரு தலையணை உறையும் எடுத்தார். வாழ்நாளில் அவர் தலையணை உறை வாங்கியது கிடையாது. இரவைக் காரிலேயே கழித்தார்.

சனிக்கிழமை காலையில் மறுபடி அதே கடை. ரொட்டி, வெண்ணெய், முட்டை. பீப். வெளியே வாகன நிறுத்தத்துக்கு வந்து, கடைத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றார். மழை தூறியது. ஒரு மணி நேரம் நின்றார். உள்ளே போய்க் கடைப் போனை இரவல் வாங்கி மகளைக் கூப்பிட்டார். "இங்க யாரும் வரலப்பா" என்றாள். "நீங்க எங்க?" என்று அவள் கேட்கும்போதே போனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் மென்னோவின் வெள்ளைக் கார் வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்தது. வரிசை வரிசையாக, ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தது.  நேற்றிலிருந்து அடைத்திருந்த மூச்சு ஹார்முக்கு வந்தது. இவன் இங்கே இருந்தால் அங்கே இல்லை. முடிந்தமட்டும் இவனை இங்கேயே பிடித்து வைக்க வேண்டும்.

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாதை நடுவில் நின்றார். கார் அவர் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கண்ணாடி முழுக்க மழை. உள்ளே இருப்பவன் முகம் தெரியவில்லை. கார்க் கண்ணாடியைத் துடைக்கும் கம்பி ஒரு முறை இந்தப் பக்கம் போனது, ஒரு முறை அந்தப் பக்கம் வந்தது. ஹார்ம் நகரவில்லை.