இருபத்து நாலு மெத்துக் கால்சட்டைகள்

வெல்க்ரோ பட்டையில் மெத்துச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. சொரசொரப்புச் சுருள் கடையிலிருந்து வந்த மேனிக்கு, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரியாமல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

மாரென் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கில் அவள் மந்தம்தான். ஆனால் இந்தக் கணக்கு விளங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் புதன்கிழமைதோறும் நாலு பெண்களும் பதினாறு வயது மாரெனும் கூடுவார்கள். போரில் அடிபட்டுக் கிடக்கும் சிப்பாய்களுக்குக் கால்சட்டை தைத்து அனுப்புவார்கள். காலைச் சுற்றிக் கம்பிக் கூண்டு மாட்டியிருப்பவன் சாதாரணக் கால்சட்டைக்குள் காலை எப்படி விடுவான்? அதனால் இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கீழ்விளிம்பு வரை திறந்துவிட்டு, வெல்க்ரோ பட்டை வைத்துத் தைப்பது வழக்கம். முன்துண்டில் மெத்துப் பட்டை, பின்துண்டில் சொரசொரப்புப் பட்டை. அழுத்தினால் நாய் கவ்வின மாதிரி பிடித்துக்கொள்ளும். மெத்தும் மெத்தும் சேர்ந்தால் ஒன்றும் நடக்காது, இரண்டு பூனைக்குட்டிகள் உரசிக்கொள்வதோடு சரி.

போன புதன்கிழமை மாரென் ஒரே மூச்சில் இருபத்து நாலு கால்சட்டைகளுக்குப் பட்டை தைத்தாள். முன்னாலும் மெத்து, பின்னாலும் மெத்து.

அன்றைக்குக் கை மட்டும்தான் மினசோட்டாவில் இருந்தது. மனசு வாஷிங்டன் பக்கத்து ராணுவ ஆஸ்பத்திரியில், அண்ணன் டோரியின் கட்டிலருகே கிடந்தது. காந்தஹாரில் அவன் போன வண்டி, ரோட்டில் புதைத்துவைத்த குண்டின் மேல் ஏறிப் பதினாறு நாளாகிறது. வலது கால் போகவில்லை, ஆனால் இருக்கிறது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அம்மா அவனோடு இருந்தாள். அப்பா ராத்திரி பகலாகப் பனி அள்ளும் லாரியில் இருந்தார். மாரென் எப்போது போன் செய்தாலும், "தூங்கறான்டி" என்பாள் அம்மா. பதினாறு நாளும் ஒருத்தன் தூங்குவானா? அவன் பேச விரும்பவில்லை. அந்தக் குண்டு அவனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவன் இடத்தில் வேறு யாரையோ வைத்துவிட்டது என்று மாரெனுக்குப் பயம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, அவனை முதன்முதலாக எழுப்பி நிற்கவைக்கப் போகிறார்கள். அதற்காகவே அந்த இருபத்து நாலும் போன பெட்டியை அவன் வார்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான்.

கோட்டுகள் தொங்கும் அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. வார்டுக்கு அடித்தாள். நர்ஸிடம் ஒரு தகவல் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்பது திட்டம்.

"டோரியா? முழிச்சுட்டுத்தான் இருக்கான். இரு, குடுக்கறேன்" என்றாள் நர்ஸ்.

வேண்டாம் என்று சொல்வதற்குள் லைன் மாறிவிட்டது.

"யாரு?"

அதே குரல்தான். கொஞ்சம் மெதுவாக வந்தது.

"நான்தான்."

"அம்மா காபி குடிக்கப் போயிருக்காங்க. அப்புறமா..."

"அம்மா வேண்டாம். கால்சட்டைப் பெட்டி வந்துச்சா?"

"நேத்து வந்துச்சு. ஏன்?"

"போட்டுக்காத. யாரையும் போட விடாத. நான் தப்பா தச்சுட்டேன் டோரி, ரெண்டு பக்கமும் மெத்தாவே வச்சுட்டேன், ஒட்டவே ஒட்டாது, நீ எந்திரிச்சு நிக்கறப்ப டாக்டர், நர்ஸ் எல்லார் முன்னாடியும் கழண்டு விழுந்துடும்."

மூச்சு வாங்கினாள். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். அழுகிறானோ என்று மாரென் போனைக் காதோடு அழுத்தினாள். அழவில்லை. ரொம்ப நாளாக ஓட்டாத டிராக்டரைக் கிளப்பின மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அதான் விஷயமா. இங்க காலைலேர்ந்து பெரிய ஆராய்ச்சி நடக்குது. எதிர் கட்டில்ல டுஃப்ரேன்னு ஒரு தெக்கத்தி லூசியானாக்காரன். 'இது வடக்கத்திக்காரங்க தச்சது, குளிர்ல தானா ஒட்டிக்கும், இங்க சூடு ஜாஸ்தி'ன்னு அவன் அளக்கறான். ஒரு நர்ஸ் அத நம்பி ஃபிரிட்ஜ்ல வச்சுப் பாத்துச்சு."

"ஐயோ."

"பெட்டில ஒரு டப்பா சேஃப்டி பின் இருந்துச்சே, அதையாவது குத்திக்கலாம்னு பாத்தோம். வார்டுல கூடாதுன்னு பிடுங்கிட்டாங்க."

"பின்னா? நான் பின் வைக்கலயே."

"அப்ப யாரு வச்சா?"

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாரெனுக்குத் தோன்றியது. வாய் வேறு எதையோ கேட்டது.

"ஏன்டா என்கிட்ட பேசவே இல்ல?"

"என்னத்தப் பேசறது. கால் எப்படி இருக்குன்னு கேப்ப. நல்லாருக்குன்னு நான் சொல்லணும்."

"நான் கால கேட்டேனா? கால்சட்டையத்தான கேட்டேன்."

"அதான் பேசிட்டிருக்கேன்."

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமைய நினைச்சா பயமா இருக்கு. நிக்கணும்னா கீழ பாக்கணும். இன்னும் நான் பாக்கல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"உனக்கு என்ன பயம்?"

"நீ வேற யாரோவா ஆயிட்டியோன்னு."

சட்டென்று மறுப்பான் என்று எதிர்பார்த்தாள். "கொஞ்சம் ஆயிட்டேன்தான்" என்றான் டோரி. "அத விடு. அந்த ஆஸ்பத்திரி அங்கிய மாட்டிக்கிட்டு, பின்னாடி தொறந்து போட்டு நான் நிக்க மாட்டேன். கால்சட்டை இல்லன்னா எந்திரிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டேன். பத்தரைக்கு வர்றாங்க."

"வெள்ளிக்கிழமை காலைல உன் கைல இருக்கும்" என்றாள் மாரென். எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது நாலு பெண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். லவோன் பிரெக்கி, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தை மிரட்டி நடத்துகிறவள், தட்டில் கடைசித் துண்டு கேக்கைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டை முழுசாக எடுக்க இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. அரை, கால், அரைக்கால் என்று வெட்டிக்கொண்டே போவார்கள்.

"பெட்டில பின் வச்சது யாரு?" என்றாள் மாரென்.

நாலு கோப்பைகளும் ஒரே நேரத்தில் உதட்டுக்குப் போயின.

"பின்னா," என்றாள் கால்சட்டைகளை மடித்து அடுக்குகிற ஆர்டிஸ் கடைசியில். "ஒரு பாதுகாப்புக்கு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"மடிக்கறப்ப ஒட்டல. புது மாடல் போலன்னு நினைச்சேன்."

"புது மாடலா?"

"நீயே நொந்துபோயிருந்த. அந்த நேரத்துல போய் தையல் சரியில்லன்னு எப்படிம்மா சொல்றது?"

"லவோன் ஆன்ட்டி, உங்களுக்கும் தெரியுமா?"

லவோன் கத்தியைக் கீழே வைத்தாள். "தெரியும். நான் சொல்லாட்டி ஆர்டிஸ் சொல்லுவான்னு பாத்தேன்."

"நான் லவோன் சொல்லுவான்னு பாத்தேன்" என்றாள் ஆர்டிஸ்.

மற்ற இருவரும் காபியை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்கள். ஆக, ஒரு பெண் மனசு நோகக்கூடாதென்று, இருபத்து நாலு சிப்பாய்கள் அவிழ்ந்து நிற்கும்படி நாலு பேரும் சேர்ந்து பெட்டியை ஒட்டி, நாடா சுற்றி, தபாலில் போட்டிருக்கிறார்கள்.

மாரெனுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, எதற்கு முதலில் இடம் கொடுப்பதென்று தெரியவில்லை. எடுத்தது சொரசொரப்புச் சுருளை. பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தாள்.

"கால்சட்டை அங்கயே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் மெத்துதான? நடுவுல வைக்க ஒரு பட்டை போதும். சொரசொரப்ப முதுகோட முதுகு வச்சு தச்சுட்டா ரெண்டு பக்கமும் கவ்வும்."

லவோன் யோசித்தாள். "ஒரு கால்சட்டைக்கு ரெண்டு. நாப்பத்தெட்டு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள தபாலாபீஸ்ல குடுத்தாத்தான் வெள்ளி காலைல போகும்." எழுந்து பள்ளிக்குப் போன் போட்டு, நாளைக்கு வர மாட்டேன், மத்தியானச் சாப்பாட்டை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இருபது வருஷத்தில் இது முதல் தடவை.

அந்தப் பட்டையின் தொல்லை தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஊசி ஆறு உடைந்தது. பட்டை ஸ்வெட்டரைக் கவ்வியது, மேசைத் துணியைக் கவ்வியது, ஆர்டிஸின் முடியைக் கவ்வி விட மாட்டேன் என்றது.

"இது கோணலா இருக்கு, ஆன்ட்டி" என்று மாரென் முதல் தடவையாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லோரும் தையலை நிறுத்திவிட்டார்கள். லவோன் வாங்கிப் பார்த்தாள். "கோணல்தான்" என்று பிரித்தாள். அதற்கப்புறம் ஒருத்தர் தப்பை ஒருத்தர் சொல்ல ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாய் நிற்கவில்லை. ஆர்டிஸின் காபி பத்து வருஷமாகத் தண்ணீராக இருக்கிறது என்ற உண்மைகூட வெளியே வந்தது.

வியாழன் சாயங்காலம் நாலு ஐம்பத்திரண்டுக்குப் பொட்டலம் தபாலாபீஸ் ஜன்னலுக்குள் போனது.

வெள்ளிக்கிழமை மாரெனுக்கு எந்த வகுப்பும் காதில் ஏறவில்லை. பதினொன்றரைக்கு போன் அதிர்ந்தது. ஆசிரியரைக் கேட்காமலே எழுந்து வெளியே போனாள்.

"நின்னேன்" என்றான் டோரி. "பதினோரு செகண்டு. டுஃப்ரேன் எண்ணினான், அவன் ஏமாத்திப் பதினஞ்சுன்னு சொல்றான்."

"கால்சட்டை?"

"அத ஏன் கேக்கற. இப்ப கழட்ட முடியல. ரெண்டு நர்ஸ் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கறாங்க."

பின்னால் சர்ரென்று ஒரு சத்தம், யாரோ கை தட்டினார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அம்மா யாரையோ அதட்டினாள். டோரி போனை வாயருகே கொண்டுவந்தான்.

"கீழ பாத்தியா?" என்றாள் மாரென்.

"பாத்தேன்."

எப்படி இருந்தது என்று மாரென் கேட்கவில்லை.

"கோரமாத்தான் இருக்கு" என்றான் அவன். "சொல்லட்டுமா? முழுசா கேப்பியா?"

"சொல்லு" என்று மாரென் சுவரில் சாய்ந்து, வகுப்பு வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.