ஏற்றத்தில் மட்டும் ஒழுகும் எண்ணெய்

இன்னும் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம், இறுக்கினால் மூடி நெளிந்துவிடும், நெளிந்தால் மறுபடி ஒழுகும், மறுபடி ஒழுகினால் பேச ஒன்றுமில்லை, பகலைக்குப் புரோக்கர் வந்து பழைய வேனை விற்கக் கொண்டுபோய்விடுவார்... நாகலெட்சுமி ஸ்பானரை எடுத்துவிட்டுப் புது ரப்பர் பெக்கிங்கின் விளிம்பை விரலால் தடவினாள். எங்கும் பிதுங்கவில்லை. எண்ணெய் ஒழுகுவது எஞ்சினின் பின்சீலில் என்றார்களே, ஹட்டன் கராஜ்காரர் குனிந்து பார்த்த மாத்திரத்தில் சொன்னார், எஞ்சினும் கியர்பெட்டியும் சேருகிற இடத்தில் சொட்டுகிறது, வேறென்ன, எஞ்சினை இறக்க வேண்டும் என்று. கொழும்புக் கடையில் வேலை செய்கிற அவள் புருஷன் இராமையாவும் ஃபோனில் அதையேதான் சொன்னார். "எறக்கிப் பூட்டுற வயசா அதுக்கு? குடுத்துருவோம் நாகு." குடுத்துருவோமாம். அவர் வாங்கிய வண்டிதான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் லைசன்ஸ் எடுத்து இந்தத் தேயிலைத் தோட்டத்து வளைவெல்லாம் வாடகைக்கு ஹயர் ஓடுவது யார், பனி இறங்கிய அன்று இடுப்பு வலியோடு கிடந்த லயத்துப் பிள்ளை நிலக்ஷியைக் கொழுந்து லொறியில் ஏற்றப் பார்த்தார்களே, அவளைப் படுக்கவைத்து நுவரெலியா ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது யார்...

பின்சீல் என்றால் எப்போதும் ஒழுக வேண்டாமா? அந்த ஒரு கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை. லயத்து வீடுகளில் எல்லோரும் வண்டியை மூக்கு இறக்கத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள், குளிரில் பெட்டரி செத்தால் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம், அவளும் அப்படித்தான், அப்போதெல்லாம் காலையில் தரை காய்ந்திருக்கும். மரக்கறி லொறி இடத்தைப் பிடித்துக்கொண்ட அன்று மட்டும் மேட்டைப் பார்க்க நிறுத்தினாள், விடிந்து பார்த்தால் கறுப்பாக ஒரு திட்டு. மூக்கு மேலே என்றால் எண்ணெய் பின்னால்தானே போய்த் தேங்கும், சட்டியைச் சாய்த்தால் குழம்பு ஒரு பக்கம் ஒதுங்குகிற மாதிரி. கராஜ் தரையோ சமதரை, அங்கே எப்படித் தெரியும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால்தான் நேற்று எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவைத்து, கோயில் மேட்டில் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, பின்பக்கம் முழுக்கத் திருநீறு தூவி ஓடவிட்டாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா கொழுந்துக் கூடையோடு போகிறவள் நின்று பார்த்தாள். "என்னடி, வண்டிக்கும் கண்ணு பட்டுருச்சா? துண்ணூறு பூசுற?" "ஆமாக்கா, ஒங்க கண்ணுதான்." அவள் சிரித்துக்கொண்டே போனாள். நாகலெட்சுமி பவுடர் கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் நீட்டிப் பிடித்தாள், வெள்ளைக்குள் ஒரு கறுப்பு இழை, எஞ்சின் தலையை மூடுகிற டெபட் கவரின் பின்மூலையில் தொடங்கி, ஒட்டியபடியே கீழே இறங்கி, கராஜ்காரர் கைகாட்டிய அதே இடத்தில் போய்ச் சொட்டியது. ஒரு மூடி. ஒரு ரப்பர். கழற்றியபோது பழைய ரப்பர் முறுக்கு மாதிரி ஒடிந்தது. தலவாக்கலைக் கடைக்கு ஃபோன் பண்ணினாள், காலை பஸ்ஸில் கண்டக்டர் புதியதை ஜன்னலால் நீட்டிவிட்டுப் போனார்...

இப்போது மறுபடி அதே மேடு, அதே திருநீறு. எஞ்சின் ஓடியது. சூடு ஏறட்டும், ஏறட்டும், அவசரப்படாதே... கண்ணாடியை நீட்டினாள். வெள்ளை. முழு வெள்ளை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது, மலையில் எல்லோரும் கொழுந்தெடுக்கிறார்கள், தன் கையைத்தான் பார்த்துக்கொண்டாள், நகமெல்லாம் கறுப்பு, இருக்கட்டும். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஃபோன் எடுத்தாள்.

"ஒரு பொட்டு ஒழுகலைங்க. நானே பாத்துட்டேன்."

"நெசமாவா?" இராமையா சிரித்தார், பக்கத்தில் யாரிடமோ என் பொண்டாட்டி என்று சொல்வதும் கேட்டது, அவளுக்குக் காது சூடானது. "அப்பப் புரோக்கர வரவேணாம்னுர்றேன். வண்டிதான் சரியாயிருச்சே, நானே கடைய விட்டுட்டு வந்து ஹயர் ஓடுறேன். ஒனக்கு இனிமே அந்தக் கஷ்டம் வேணாம் நாகு."

சரிங்க என்று வாய் தானாகச் சொன்னது. வண்டி தப்பித்துவிட்டது, அவரும் வீட்டோடு வந்துவிடுவார், சந்தோஷம்தானே, சந்தோஷம்தான்... கை ஸ்டியரிங்கை விடவில்லை. கஷ்டமா? கஷ்டம் என்று எப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கிறோமா என்று தேடிப் பார்த்தாள், ஒரு நாளும் அகப்படவில்லை. கஷ்டமில்லை என்றும் ஒரு நாளும் சொன்னதில்லை.