கழுவக்கூடாத பழம்

பெரியவளை யாரும் கூப்பிடவில்லை. பழம் பேக் செய்யும் கூடத்தின் ஓரத்தில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சுகாதார அதிகாரி ஒவ்வொருவராக அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் எட்டாவதாக நின்ற பெரியவள், முன்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது இரண்டு நாளாக அவள் வாயில் ஊறிக்கொண்டிருந்தது.

இங்கிருந்து போன ஸ்ட்ராபெரியைத் தின்ற நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள். எல்லாம் திங்கட்கிழமை பேக் ஆன பெட்டிகள். அந்தப் பழத்தைக் கழுவி அனுப்ப முடியாது. ஈரம் பட்டால் மறுநாளே பூசணம் பூத்துவிடும். ஆகவே, கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்பதுதான் கேள்வி. அந்தக் கைக்கு இனி இங்கே வேலை இல்லை என்று மேற்பார்வையாளன் காலையிலேயே முழங்கிவிட்டான்.

பெரியவளுக்கு வேலை போனால் வீடும் போன மாதிரிதான். புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. சம்பாதிக்கிற வரைக்கும் இருந்துகொள்ளலாம் என்று தம்பி மனைவி முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அந்தச் சின்னவளும் இதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒருத்தி முன்னால் ஏறினால் இன்னொருத்தி பின்னால் ஏறுவாள்.

"எங்க வீட்டுல ஒருத்தி ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா வாந்தி எடுத்தா மேடம். தம்பி பொண்டாட்டிதான். குடலே வெளிய வர்ற மாதிரி சத்தம். மறுநாள் ஒண்ணுமே தெரியாத பூனையாட்டம் வேலைக்கு வந்து நின்னா." சொல்லி முடித்தபோது பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

அதிகாரி தாளைப் புரட்டினாள். "அவங்க திங்கட்கிழமை எங்க வேலை பார்த்தாங்க?"

"மூடின பெட்டிக்கு லேபிள் ஒட்டுற இடத்துல."

"அப்போ பழத்தைத் தொடலை. நீங்க?"

"நான் காம்பு கிள்ளுற மேசைல. பதினோரு வருஷமா அங்கதான்." அந்த மேசையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"வாந்தி எடுத்த இடத்தை யார் சுத்தம் பண்ணினது?"

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவள்போலப் பெரியவள் நிமிர்ந்தாள். "வேற யாரு? நான்தான். மகாராணி எந்திரிச்சு வர்ற வரைக்கும் நாறிக்கிட்டுக் கிடக்கட்டும்னு விட முடியுமா? விடியக்காலைல பாத்ரூம் முழுக்கத் துணி வச்சுத் துடைச்சுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தண்ணில கையை அலசிட்டு ஓடி வந்தேன்."

"இங்க வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?"

"கையுறை போடறோமே மேடம், அப்புறம் கையை எதுக்குக் கழுவணும்?"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினாள். மேசை டிராயரிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டி, தினமும் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டச் சொன்னாள். பெரியவள் சுறுசுறுப்பாகப் போட்டுக் காட்டினாள். இடது உறையை வலது கையால் இழுத்து, ஒவ்வொரு விரலாக நீவி, உள்ளங்கையில் சுருக்கம் எடுத்து, மேலே இரண்டு தட்டும் தட்டினாள். வெறும் கை படாத இடம் அந்த உறையில் மிச்சமில்லை. தன் கை என்ன செய்தது என்று அவளே அப்போதுதான் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே மேடம், தும்மல்கூட வரலை" என்றாள்.

"உங்களுக்கு வரணும்னு இல்லம்மா. வாந்தில இருக்கற வைரஸ் கைல ஒட்டியிருந்தாலே போதும். வெறும் தண்ணில அலசினா முழுசாப் போகாது." அதிகாரி ஒரு சிறிய டப்பாவை நீட்டினாள். பரிசோதனைக்கு அதில் மலம் எடுத்து நாளைக் காலையில் கொண்டுவர வேண்டும். அதுவரை கூடத்துக்குள் காலடி வைக்கக் கூடாது.

வெளியே வந்தபோது தடுப்பை ஒட்டிச் சின்னவள் நின்றிருந்தாள். அந்தப் பலகையைத் தாண்டி ஒரு இருமல்கூடக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

"நீங்க தொடாதீங்க அண்ணி, நானே கழுவிக்கிறேன்னு படுத்துக்கிட்டே சொன்னேன்ல?"

சொன்னாள்தான். பெரியவள் காதில் விழத்தான் செய்தது. அவள் வாந்தியை வாரினேன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட ஒரு வாய்ப்பு கிடைத்ததே என்றுதான் அன்றைக்கு இருட்டிலேயே எழுந்து துணியை எடுத்தாள். இப்போது அதைச் சொல்லிக்காட்ட வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"வீட்டுச் சாவியைக் குடு" என்றாள்.

சின்னவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பெரியவள் கை நீட்டினாள். சின்னவள் அந்தக் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் போய், பெட்டிகள் அடுக்கியிருந்த மேசையின் ஓரத்தில் சாவியை வைத்துவிட்டு, தன் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.