அத்தான் பார்த்த வேலை

என் அத்தான் தேவஇரக்கம் வடக்கே முப்பது வருசம் என்ன வேலை பார்த்தார் என்பது இராஜபாளையத்தில் ஒருவருக்கும் தெரியாது. கூடவே குடித்தனம் நடத்திய என் அக்கா பியூலாவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் "மத்திய சர்க்கார்" என்பார். ரூபாய் நோட்டு அச்சடிக்கிறவர் என்று தெருவில் பாதிப் பேரும், ஜெயிலில் தூக்குப் போடுகிறவர் என்று மீதிப் பேரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் நான் விடாமல் குடைந்ததில் பாதி விஷயம் வெளியே வந்தது. வேலையைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சேரும்போதே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்களாம். மற்றவர்கள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இந்த மனிதர் மட்டும் குவார்ட்டர்ஸுக்கு வந்து, யாரும் கேட்காமலே பைபிள்மேல் கைவைத்துச் சத்தியமும் பண்ணிக்கொண்டார்.

ரிட்டயராகி ஊருக்கு வந்ததும் இருமல் பிடித்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் சூர்யபிரகாஷிடம் கூட்டிப்போனேன். இராஜபாளையம் என்றதுமே அவர் எந்தப் பஞ்சு மில்லில் வேலை என்றுதான் கேட்டார். மில்லே இல்லை என்றதும் டி.பி.க்கு மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்கில் விழுங்கியும் இருமல் குறையவில்லை, உடம்புதான் குறைந்தது. சளியில் கிருமியும் இல்லை. ஏதோ தூசி நுரையீரலில் உட்கார்ந்திருக்கிறது, என்ன தூசி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கமுடியும், இப்படியே விட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தான் ரொம்ப யோசித்து, "அரசாங்கத் தூசி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்படியே பாஸ்டரிடம் இழுத்துப்போனேன். என்ன சத்தியம் என்று சொன்னால் அதிலிருந்து விடுவிக்க ஜெபிக்கலாம் என்றார் பாஸ்டர். சொன்னால் சத்தியம் போய்விடுமே என்றார் அத்தான். பாஸ்டர் பொதுவாக ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தார்.

டி.பி. சந்தேகம் என்பதால் அக்காவுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பால்கோவா வாங்குகிற சாக்கில்தான் அவள் வந்தாள். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒரே நோய், அக்காவுக்கு ஆரம்பக் கட்டம். அவளோ மில் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை.

"இவரோட வேலைத் துணிய யாரு துவைச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

"நாந்தான். நல்லா உதறிட்டுத்தான் நனைப்பேன். அம்புட்டுத் தூசி கொட்டும்."

அத்தான் அக்காவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார். கதவு திறந்து கிடந்தது, வெளியே டோக்கனோடு பெருங்கூட்டம்.

"பெரிலியம்னு ஒரு உலோகம். அணுகுண்டுக்குள்ள வைக்கிறது. லேத்துல கடைஞ்சது நாந்தான்."

சத்தமாகச் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியே இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் மளமளவென்று இருவருக்கும் புது மருந்து எழுதினார். அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அம்புட்டுப் பெரிய ரகசியத்த தெனமும் நாந்தான சோப்புப் போட்டு அலசியிருக்கேன்," என்றாள். "என்ன தூசின்னு சொல்ல வேண்டாம். 'அதத் தொடாதட்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."